சலங்கைக்கு ஒரு தனி லேன்

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையிலேயே கோகிலவாணி வந்து நின்றார். பகலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், மாலையில் வள்ளி கும்மிக் குழு நடத்துகிறவர். பாலிசி பேச வந்திருப்பாரோ என்ற பயத்தில் கதவைப் பாதிதான் திறந்தேன். நல்லவேளை, தாளம் கேட்டு வந்திருந்தார்.

பங்குனி உத்திரத்தன்று முருகன் கோயில் மைதானத்தில் நூறு பெண்கள் ஆடப்போகிறார்களாம். பம்பை அடிக்கிறவர்கள் அந்த மாதம் முழுக்க வெளியூர்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதனால் பதிவு செய்த தாளம் வேண்டும், அரை மணி நேரத்துக்கு. போன வருடம் யாரோ செய்துகொடுத்ததைப் போனில் போட்டுக் காட்டினார்.

"கேளுங்க தாமுண்ணா. மாவு மில்லு ஓடற மாதிரி இருக்குதுங்களா இல்லீங்களா? பத்து நிமிசத்துல புள்ளைங்க கொட்டாவி விட ஆரம்பிச்சுர்றாங்க."

அந்தப் பிள்ளைகளில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரும் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

உடனே ஒப்புக்கொண்டேன். கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணித் தாளம் போட்டுப் போட்டு எனக்கே என் வேலை புளித்துப்போயிருந்தது. இதில் பெயர் வாங்கினால் கோவை முழுக்க இருக்கிற கும்மிக் குழுக்கள் வரும். சொதப்பினால் அதே குழுக்களிடம் பெயர் கெடும்.

அவர் போனதும் என் மனைவி பூங்கொடி, "நல்ல காரியந்தானுங்க, பல்லிகூடச் சொல்லுச்சு" என்றாள். எனக்கு எந்தப் பல்லியும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவள், வீட்டுக்கு வந்தால் பல்லியை நம்புகிறாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

புதுப் பெட்டியைப் பிரித்தேன். ஸ்டெப் சீக்வென்சர், தாளம் உருவாக்குகிற கருவி. பூங்கொடிக்கு விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், அவள் பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டதால்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு லேன். லேன் என்றால் பொத்தான்களின் வரிசை. எங்கே அடி விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அமுக்கி வைத்தால் போதும். ஒரு சின்ன விளக்கு இடமிருந்து வலமாக ஓடும். அமுக்கிய பொத்தானுக்கு வரும்போது வாத்தியம் ஒலிக்கும். வரிசை முடிந்ததும் விளக்கு மறுபடி முதலுக்கு வரும். பழைய பெட்டியில் எல்லா லேனுக்கும் பதினாறு பொத்தான், எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும். அதனால்தான் மாவு மில்.

இதில் ஒவ்வொரு லேனுக்கும் தனி நீளம் வைக்கலாம். பம்பை பதினாறில் திரும்பும், ஜால்ரா பன்னிரண்டிலேயே திரும்பிவிடும், உடுக்கை பதினான்கில். அடிகளில் எதையும் மாற்ற வேண்டாம், அவை சந்திக்கிற இடம் மட்டும் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருக்கும். நானும் பூங்கொடியும் காலனிப் பூங்காவில் நடப்பது போல. அவள் உள்வட்டம், நான் வெளிவட்டம். ஒரு சுற்றில் ஊஞ்சலருகே சந்திக்கிறோம், அடுத்த சுற்றில் குப்பைத்தொட்டியருகே.

பம்பையும் கைத்தட்டும் பதினாறில் ஆணி அடித்தாற்போல் நிற்கட்டும். ஆடுகிறவர்களுக்கு அது போதும். சுற்றின் தொடக்கத்தில் சலங்கை ஒரு குலுக்கு, அதுவும் பதினாறில். அது சும்மா அலங்காரத்துக்கு.

பிப்ரவரி 26, வியாழன்

இந்த மாதம் வீட்டில் கொசுவே இல்லை. மருந்து அடித்த மாநகராட்சிக்கு நன்றி. காலில் மட்டும் எப்படியோ நாலைந்து தடிப்பு.

பிப்ரவரி 28, சனி

சலங்கை வரவில்லை. பொத்தான் எரிகிறது, விளக்கு ஓடுகிறது, சத்தம் மட்டும் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல இருக்கிறது. ஹெட்போன் போய்விட்டது. இப்போதெல்லாம் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்? இரவல் ஹெட்போன் வாங்கி மாட்டினேன். அதுவும் போய்விட்டது போலிருக்கிறது. சலங்கையின் ஒலியைத் திருகித் திருகி ஏற்றினேன். ஒருவழியாக வந்தது.

சோதிப்பதற்காக ஸ்பீக்கரில் போட்டேன். பூங்கொடி காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னங்க இது? பல்லு கூசுது!"

"அதுக்குப் பேரு சலங்கை."

"சலங்கையா? தகரக் கடையில திருடன் பூந்த மாதிரி இருக்குது."

இசை தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

மார்ச் 3, செவ்வாய்

கடைக்குக் கிளம்பும்போது பூங்கொடி பின்னாலிருந்து வெண்டைக்காய் என்றாள். கால் கிலோ போதுமா என்று கேட்டால் எரிந்துவிழுவாள் என்று அரைக் கிலோ வாங்கி வந்தேன். அதற்கும் சண்டை. சுண்டைக்காய் என்றாளாம்.

"நான் சொல்றது என்னைக்குத்தான் உங்க காதுல ஏறிருக்குது?" என்கிறாள். வாயைத் திறந்து ஒழுங்காகச் சொன்னால் ஏறும். இந்த வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். எல்லோரும் என்றால் அவள் ஒருத்திதான்.

வாஷிங்மெஷின் துணி துவைத்து முடித்தால் கூவும் என்று சொல்லி விற்றார்கள். கூவுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. ஈரத்துணி மாலை வரை உள்ளேயே கிடந்து நாறிவிட்டது. அதற்கும் நான்தான் பொறுப்பு.

மார்ச் 5, வியாழன்

தாளத்தை அனுப்பிவைத்தேன். சாயங்காலம் கோகிலா அழைத்தார்.

"பிரமாதமுங்ணா! ஒரு சுத்து மாதிரி அடுத்த சுத்து இல்லீங்க. அந்தச் சலங்கை மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்."

போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார். போனில் கேட்டால் எல்லாம் தூக்கலாகத்தான் இருக்கும். மைதானத்தில் கேளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் ஒத்திகையாம், என்னையும் வரச் சொன்னார்.

மார்ச் 8, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன்.

மைதானத்தில் அறுபது பேர் வந்திருந்தார்கள், ஒரே பச்சைச் சேலையில். மைக்செட் ராசு நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டியிருந்தான். முதல் இரண்டு மூன்று சுற்று பார்க்கவே அழகாக இருந்தது. கை தட்டினார்கள், குனிந்தார்கள், ஒன்றாகத் திரும்பினார்கள். அப்புறம் என்ன ஆயிற்றோ, பாதிப்பேர் முன்னதாகவே திரும்ப ஆரம்பித்தார்கள், மீதிப்பேர் திரும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேலுமணி என்று ஒரு பெண், பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறவள், பின்னால் வந்தவள் மோதியதில் முட்டி அடிபட விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது.

பம்பையைக் கேட்டு ஆடத் தெரியவில்லையா என்று கத்திவிட்டேன். கோகிலா மைதானத்தின் நடுவிலிருந்து நேராக என்னிடம் நடந்து வந்தார்.

"நாங்க பம்பையைக் கேட்டுத் திரும்பறதில்லீங்ணா. எங்களுக்குப் பழக்குன ஆசிரியர் கால்ல சலங்கை கட்டிட்டு நடுவுல நிப்பாரு. அவரு காலைக் குலுக்குனாத்தான் திரும்போணும். எங்களுக்குப் பம்பை கைக்கு, சலங்கை காலுக்கு. எந்தக் குழுவுல கேட்டாலும் சொல்லுவாங்களே!"

"சலங்கை பதினாறுலதானே வெச்சிருக்கேன்?"

"அது அதுபாட்டுக்கு முன்னால முன்னால ஓடுதுங்ணா. உங்களுக்குக் கேக்கலியா?"

ராசுவின் பெட்டிகளில்தான் கோளாறு என்றேன். அவன் வெற்றிலையை மென்றான். என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒத்திகை கலைந்தது. அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் மாவு மில்லையே போட்டுக்கொள்வதாகவும் கோகிலா சொல்லிவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

பெட்டியைத் திறந்து பார்த்தேன். சலங்கை லேனின் நீளம் பதினைந்து.

எப்படி ஆனது என்பதும் புரிந்துவிட்டது. ஒலியைக் கூட்டுகிற திருகும் நீளத்தைக் குறைக்கிற திருகும் ஒன்றேதான். பக்கத்துப் பொத்தானை அழுத்தியபடி திருகினால் நீளம் மாறும். அன்று சலங்கையை ஏற்றி ஏற்றித் திருகியபோது விரல் பட்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அடி வீதம் சலங்கை முன்னால் போயிருக்கிறது. இப்படி ஒரு பெட்டியை வடிவமைத்தவனை அந்த மைதானத்தில் நடுவே நிறுத்தி நூறு பேரையும் திரும்பச் சொல்ல வேண்டும்.

பூங்கொடியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அது தள்ளித் தள்ளித்தானே ஓடிட்டு இருந்துச்சு? நீங்க வேணும்னே வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஒண்ணொண்ணும் ஒரு நீளம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கே தெரிஞ்சுதா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னேன். அடுப்புகிட்ட இருந்து ரெண்டு தடவ சொன்னேன்."

இவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோகிலாவுக்குத் தெரிந்திருக்கிறது. ராசுவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. வேலை அதிகம்.

மார்ச் 10, செவ்வாய்

நீளத்தைப் பதினாறாக்கினேன். ஒலியைப் பழைய அளவுக்கு இறக்கினேன். சரிபார்க்கச் சலங்கை லேனை மட்டும் அடைத்தேன். திறந்தேன். அடைத்தேன். வித்தியாசம் இல்லை.

பெட்டி பழுது. சர்வீசுக்குப் போட வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

சர்வீஸ்காரர் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றுமே இல்லையாம். சோம்பேறி.

பூங்கொடி அரைநாள் விடுப்பில் சீக்கிரம் வந்திருந்தாள். பெட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க. அந்த மூலைல போய் உக்காருங்க. கடைல நான் தினம் பண்றதுதான். நான் ஒண்ணொண்ணா அமுக்கறேன், கேட்டாக் கையைத் தூக்குங்க."

"இதென்ன விளையாட்டு?"

"எனக்காக ஒரு தடவ விளையாடுங்க."

பம்பைக்குக் கை தூக்கினேன். கைத்தட்டுக்குத் தூக்கினேன். உடுக்கைக்குத் தூக்கினேன். ஜால்ராவுக்குக் கொஞ்சம் யோசித்துத் தூக்கினேன். சலங்கைக்கும் சரியாகத் தூக்கினேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெட்டியின் விளக்குகள் மேல் போட்டாள்.

"இப்பத் தூக்குங்க" என்றாள்.

உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தாள். சலங்கை ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

மார்ச் 13, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்தேன். கோகிலா மூன்று தடவை அழைத்தார், எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

காது மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து என்னென்னவோ ஒலிக்கவைத்தார்கள். ஒலிக்கவைத்தார்களாம். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கோடு இடப்பக்கம், தடித்த ஒலிகளுக்கு, மேலேயே நேராக வருகிறது, பம்பையும் பாதிப் பேச்சும் அங்கேதான். வலப்பக்கம், கீச்சு ஒலிகளுக்குப் போகப் போகப் படியில் உருண்ட மாதிரி இறங்குகிறது. சலங்கை கடைசிப் படியில் இருக்கிறது.

"ஹெட்போன் அதிகம் போடுவீங்களா?" என்றார் மருத்துவர்.

"அதுதான் சார் என் தொழில்."

"போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். மெஷின் வெச்சா நல்லாவே உதவும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சத்தத்தை விற்றுச் சாப்பிடுகிறவனிடம். ஸ்கூட்டரில் வரும்போது மெஷினெல்லாம் முடியவே முடியாது என்று பூங்கொடியிடம் கத்திக்கொண்டே வந்தேன். யாராவது பார்த்தால் அப்புறம் எவன் வேலை கொடுப்பான்?

சிக்னலில், ஓட்டிக்கொண்டிருந்த அவள் திரும்பி, என் காதருகே, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மூக்கு மேல கண்ணாடி போட்டுருக்கீங்களே, அதை யாராவது கேட்டாங்களா? கண்ணுக்குப் போட்டாப் படிச்ச மனுசன், காதுக்குப் போட்டாக் கெழவனா?"

பக்கத்து பைக்கில் இருந்தவன் சிரித்தான். பச்சை விழுந்தது.

பயமாக இருக்கிறது. அதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மார்ச் 18, புதன்

கோகிலாவின் வீட்டுக்கே போனேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். காரணத்தையும் சொன்னேன். பாவம் என்பார், பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்து, அதற்கும் எரிச்சல்பட ஆயத்தமாக இருந்தேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா வேலுமணி முட்டி தப்பிச்சிருக்கும்" என்றார்.

"எனக்கே அப்ப தெரியாதுங்க."

"எல்லாருஞ் சொன்னமே தாமுண்ணா. நான் போன்ல சொன்னேன், மைதானத்துல சொன்னேன். நீங்க கேட்டுக்கலீன்னா அதுக்குக் காது மட்டுமா காரணம்?"

மனிதர்கள் உண்மையைப் பேசும்போது ஒரு காபியாவது கொடுத்துவிட்டுப் பேசலாம்.

எழுந்தேன். அவர் விடவில்லை. மற்றதெல்லாம் புள்ளைங்களுக்குப் பிடித்திருக்கிறது, சலங்கையை மட்டும் காது கேட்கிற யாரையாவது வைத்துக்கொண்டு சரிபண்ணுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றார். இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமிருந்து யாரும் அவ்வளவு சுலபத்தில் தப்பிக்க முடியாது.

மார்ச் 21, சனி

காலையிலிருந்து பூங்கொடியும் நானும் பெட்டி முன்னால் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். அவள் சொல்கிறாள், நான் திருகுகிறேன். "இறக்குங்க. இன்னும் இறக்குங்க. ஐயோ, இவ்வளவு இல்ல." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, திட்டு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

ஜால்ராவைப் பதினொன்றில் வைக்கச் சொன்னாள். ஏன் என்றால் சும்மா என்கிறாள். வைத்தேன். நன்றாக இருந்தது. அதில்தான் எனக்கு அதிகக் கோபம்.

சலங்கையைப் பதினாறில் கட்டிப்போட்டாயிற்று. ஆனால் அரை மணி நேரமும் ஒரே மாதிரி குலுங்கினால் மறுபடி மாவு மில் ஆகிவிடுமே என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"விழற எடம் மாறக்கூடாது. ஆனா ஒரு நேரம் மெதுவா, ஒரு நேரம் பலமாக் குலுக்குனா மனுசக் கால் மாதிரி இருக்கும். அப்பிடி வெக்க முடியாதா?"

முடியும். இந்தப் பெட்டியில் அடி விழும் இடத்துக்கு ஒரு லேன், அடியின் பலத்துக்கு இன்னொரு லேன் இருக்கிறது. முதல் நாளே படித்தேன், பயன்படுத்தத் தோன்றவில்லை. இடத்தைப் பதினாறில் பூட்டிவிட்டுப் பலத்தை ஏழில் அலையவிட்டோம். சலங்கை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சுற்றுக்குச் சுற்று வேறாக ஒலிக்கிறதாம். பூங்கொடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எது அசையாமல் நிற்க வேண்டும், எது அலையலாம் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒத்திகை. யாரும் விழவில்லை. வேலுமணி முட்டியில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து கைமட்டும் தட்டினாள். என்னைப் பார்த்து முறைக்கவும் செய்தாள். நியாயம்தான்.

ஏப்ரல் 1, புதன், பங்குனி உத்திரம்

மைதானம் கொள்ளாத கூட்டம். நூறு பேர் என்றார்கள், நூற்றுக்கு மேலேயே இருக்கும். நான் ராசுவின் பக்கத்தில், ஒயர்களுக்கு நடுவே நின்றேன். அவனிடம் அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கூட்டத்துச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கலீங்ணா" என்றான். எத்தனை நல்ல பதில்!

பம்பை கேட்டது. கைத்தட்டு நெஞ்சில் இடித்தது. உடுக்கை அதன் வழியில் அலைந்தது, ஜால்ரா எங்கோ இருந்திருக்கும். சலங்கை எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், அது விழவேண்டிய அந்த நொடியில், அத்தனை பெண்களும் ஒரே உடம்பாகத் திரும்பினார்கள். சேலைத் தலைப்புகள் ஒன்றாகச் சுழன்று அடங்கின. முன்வரிசையில் வேலுமணி, முட்டியில் கட்டு இல்லாமல். ஒரு சுற்றில் மெதுவாகத் திரும்பினார்கள், ஒரு சுற்றில் வெட்டித் திரும்பினார்கள். பலம் கூடுகிறது, குறைகிறது, இடம் தப்பவில்லை. அரை மணி நேரமும் சலங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அழுதுவிட்டேன். புழுதி என்று நினைத்து ராசு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

கோகிலா மேடையில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாராம். பூங்கொடியின் பெயரையும் சொல்லச் சொல்லியிருந்தேன். சொன்னாராம்.

இரண்டு குழுக்கள் போன் நம்பர் வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன. வேலைக்கு இருவராகத்தான் வருவோம் என்று சொல்லிவிட்டேன். பூங்கொடியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்றாள். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள். நிபந்தனை இன்று காலை என் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்துவிட்டது.

சகிக்கவில்லை. பேப்பரைப் புரட்டினால் பேப்பர் கத்துகிறது. என் செருப்பு இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. வாஷிங்மெஷின் கூவியது, வாங்கிய நாளிலிருந்து கூவிக்கொண்டுதான் இருக்கிறதாம். பிப்ரவரியில் போட்ட அந்தப் பழைய தாளத்தை ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்றாவது குலுக்கில் நிறுத்திவிட்டேன். தகரக் கடையில் திருடன்தான். இதைத்தான் இவள் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள்.

கடைக்குக் கிளம்பினேன். சமையலறையிலிருந்து, வேண்டுமென்றே மெல்லிய குரலில், "சுண்டக்காய்" என்றாள். முதல் எழுத்து கிடைத்தது. செருப்பை மாட்டாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் வேலைக்கு உட்கார்ந்தபோது, இடது காதருகே ஒரு மெல்லிய சத்தம் இழுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு லேன் அடைக்காமல் கிடக்கிறது என்று பெட்டியை அணைத்தேன். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. மெஷினையும் பழுதாகக் கொடுத்துவிட்டார்கள் என்று பூங்கொடியைக் கூப்பிட்டுக் கத்தினேன். வந்து காது கொடுத்துக் கேட்டாள். படாரென்று என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

கொசு.

மாநகராட்சி ஒரு மண்ணும் செய்யவில்லை. பிப்ரவரி 26 அன்று சொன்ன நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.